ஒரே கோப்பில் 640 பக்கம்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூர். தொண்டியிலிருந்து பாம்பன் வரை மீனவர்கள் புழங்கும் சொற்களைத் தொகுத்து வருகிறேன்: மீன், வலை, வத்தை, வள்ளம் முதலிய படகுகள், காற்று, நீரோட்டம் எல்லாம். 2011-இல் தொடங்கியது, இன்று 640 பக்கங்களும் 300 படங்களுமாக ஒரே வேர்டு கோப்பில் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறேன். கோப்பைப் பென்டிரைவில் வைத்து அதிலேயே திறந்து வேலை செய்வது வழக்கம். மடிக்கணினி மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்தது. பேட்டரி போய் இரண்டு வருடமாகிறது, சார்ஜர் வயரில்தான் ஓடுகிறது. சென்ற வாரம் மதியச் சாப்பாட்டுக்கு மூடியைத் தாழ்த்திவிட்டுப் போனேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய் வந்தது. மறுபடி வேர்டைத் திறந்ததும் இடப்பக்கம் ஏதோ பட்டியல் வந்தது. பேரன் அதை மூடிவிட்டான். அதற்குப் பிறகு கோப்பு திறக்கவே இல்லை. அச்சகத்துத் தம்பி எழுத்தை மட்டும் மீட்டுத் தந்தார். பார்த்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக் கூளம். இரண்டு மாதத்துக்கு முன் அச்சகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிய படி ஒன்று இருக்கிறது. அதற்குப் பின் எழுதிய ஏறத்தாழ 60 பக்கம் போனது போனதுதானா? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேர்டு தானாகச் சேமிக்கும் என்றார்களே? கூகுள் டாக்ஸுக்கு மாறிவிடுங்கள் என்கிறாள் பேத்தி. என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, முதலில் அந்தக் கூளத்தை அழித்துவிடாதீர்கள். உங்கள் 60 பக்கத்தில் பெரும்பகுதி அதற்குள்தான் இருக்கிறது.

பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய எழுத்துரு. திரையில் நீங்கள் ‘கடல்’ என்று பார்க்கும்போது கோப்புக்குள் கிடப்பது எஃப், எல், ஒய் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்தை மட்டும் மீட்கும் வசதி எழுத்துருவின் பெயர், படம், அட்டவணை வடிவம் அனைத்தையும் உதறிவிட்டு எழுத்துகளை மட்டும் அள்ளித் தரும். போர்வை போனதால் அடியில் இருந்தது தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நகலைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவைப் பாமினி என்று மாற்றுங்கள். தமிழ் திரும்பிவிடும். ஒரே சங்கடம், மீன்களின் அறிவியல் பெயர்களை நீங்கள் ஆங்கில எழுத்தில் அடைப்புக்குறிக்குள் கொடுத்திருப்பீர்கள். அவையும் சேர்ந்து பாமினியாகி, இப்போது தமிழ்க் கூளமாகத் தெரியும். எது ஆங்கிலம், எது பாமினி என்று பிரித்துச் சொல்லும் குறிப்பு கோப்பில் இனி இல்லை. சீலா, விளைமீன், கிளாத்தி என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அதற்கு முன் இன்னும் இரண்டு வழிகளைப் பார்த்துவிடுங்கள். பழுதான மூலக் கோப்பு பென்டிரைவில் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். அந்தப் பென்டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல், கோப்பின் நகல் ஒன்றைக் கணினிக்குக் கொண்டுவாருங்கள். செய்வதையெல்லாம் நகலில் செய்யுங்கள். வேர்டில் கோப்பைத் திறக்கும் பெட்டியில் ‘ஓபன்’ பொத்தானை ஒட்டி ஒரு சிறிய அம்பு இருக்கும்; அதை அழுத்தினால் ‘ஓபன் அண்ட் ரிப்பேர்’ என்று வரும். அது கைகொடுக்காவிட்டால் லிப்ரே ஆபீஸை நிறுவி அதில் திறந்து பாருங்கள். இலவச மென்பொருள், வேர்டு திறக்க மறுக்கும் கோப்பை இது சில வேளை முணுமுணுக்காமல் திறந்துவிடும். அப்படித் திறந்தால் எழுத்துருவும் படங்களும்கூடப் பிழைத்திருக்க வாய்ப்புண்டு, கூளத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பேரன் மூடிய பட்டியலைப் பற்றி. கணினி எதிர்பாராமல் நின்றுபோனால், அடுத்த முறை திறக்கும்போது, தன்னிடம் இருக்கும் மீட்புப் படிகளை வேர்டு இடப்பக்கத்தில் அடுக்கிக் காட்டும். அதை மூடும்போது ‘இவற்றைப் பிறகு பார்க்கிறேன்’, ‘நீக்கிவிடு’ என்று இரண்டு வாய்ப்புகள் தரும். பேரன் எதை அழுத்தினான் என்பதில்தான் இருக்கிறது. அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள், பெரியவர்களே அந்தப் பட்டியலை விளம்பரம் என்று நினைத்து மூடுகிறார்கள். ‘ஃபைல்’ மெனுவில் ‘ஆப்ஷன்ஸ்’, அதில் ‘சேவ்’ என்று போனால் மீட்புப் படிகள் எந்த உறையில் (ஃபோல்டரில்) விழுகின்றன என்பது எழுதியிருக்கும். அந்த முகவரியை அப்படியே நகலெடுத்து, கோப்புகளைத் திறக்கும் சாளரத்தின் முகவரிப் பட்டையில் ஒட்டி உள்ளே போங்கள்; சாதாரணமாகத் தேடினால் அந்த உறை மறைந்திருக்கும். பெயரின் கடைசியில் ஏ.எஸ்.டி. என்று முடியும் கோப்பு இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதை வேர்டில் திறந்து, வேறு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வேர்டு செய்வது ‘ஆட்டோரெக்கவர்’. அது உங்கள் கோப்பில் எதையும் எழுதாது. விபத்துக்காக வேறிடத்தில் ஒரு தற்காலிகப் படியை எடுத்து வைக்கும். நீங்கள் ஒழுங்காகச் சேமித்து மூடினால் அந்தப் படியைத் தானே அழித்தும்விடும். ‘ஆட்டோசேவ்’ என்பது வேறு: சாளரத்தின் இடது மேல்மூலையில் தெரியும் அந்தச் சிறு விசை. மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவும் வேண்டும், கோப்பு அவர்களின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவிலோ ஷேர்பாயிண்டிலோ இருக்கவும் வேண்டும். அப்போதுதான் அது இயங்கும். பென்டிரைவில் இருக்கும் கோப்புக்கு அந்த விசை வெறும் அலங்காரம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு வேலையை இழந்தவர்கள் ராமநாதபுரத்தில் என் கடைக்கு வருவோரில் நிறைய. ஆகவே உங்கள் கோப்பைச் சேமிக்கும் பொறுப்பு இன்னும் உங்கள் விரல்களிடம்தான் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு விளக்கம் எழுதி முடித்ததும் கன்ட்ரோல், எஸ். எழுந்து போகுமுன் கன்ட்ரோல், எஸ். ஆட்டோரெக்கவர் இடைவெளியையும் பத்திலிருந்து இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

இன்னொரு வசதி இருக்கிறது. ‘ஆப்ஷன்ஸ்’ பகுதியின் ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் வெகு கீழே ‘ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி’ என்று ஒரு கட்டம். அதில் குறியிட்டால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய படி அதே உறையில் டபிள்யூ.பி.கே. என்ற பின்னொட்டோடு நிற்கும். தவறுதலாக ஒரு பகுதியை அழித்து, அழித்ததையே சேமித்தும் விட்டால், ஆட்டோரெக்கவர் உதவாது, இது உதவும். இவ்வளவு பயனுள்ள ஒன்றை ஏன் இத்தனை ஆழத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூடியைத் தாழ்த்தினால் மடிக்கணினி அணைவதில்லை, தூங்குகிறது. திறந்திருக்கும் கோப்பைத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்தபடி கிடக்கிறது. பேட்டரி உயிரோடு இருந்தால் கம்பியில் மின்சாரம் போனாலும் தாங்கும். உங்களுடையதில் பேட்டரி இல்லாததால், வீட்டில் மின்சாரம் போன நொடியிலேயே நினைவகம் வெறுமையாகிவிட்டது. முதல் செலவாகப் பேட்டரியை மாற்றுங்கள். மாற்றும் வரை, வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் இணைப்புள்ள பிளக்கில் சார்ஜரைச் செருகி எழுதுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை அறிவிப்பு செய்தித்தாளில் வருகிறது. அன்று காலையில் கணினியைத் தொடாமல் கையெழுத்துக் குறிப்புகளோடு உட்காருவது உத்தமம்.

அடுத்தது பென்டிரைவ். கோப்பு ஏன் சேதமானது என்று இங்கிருந்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் பென்டிரைவில் நேராகத் திறந்து வேலை செய்த கோப்பு பழுதாவது நான் அடிக்கடி பார்க்கும் நோய். வேர்டு சேமிக்கும்போது பழைய கோப்பின் மேலேயே எழுதுவதில்லை. அதே இடத்தில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, முடிந்த பிறகு பழையதை விலக்கி, புதியதற்கு அதன் பெயரைச் சூட்டுகிறது. இந்த மாற்றத்தின் நடுவே மின்சாரம் போனாலும், யாராவது பென்டிரைவைப் பிடுங்கினாலும், அதில் இடம் தீர்ந்துபோனாலும், பழையதும் இல்லாமல் புதியதும் இல்லாமல் போகலாம். பெரிய கோப்பு என்றால் சேமிக்க நேரம் கூடுதல். விபத்துக்கான சந்தும் அந்த அளவுக்கு நீளும். எப்போதும் கணினியின் வட்டில் வைத்து வேலை செய்யுங்கள். முடித்து, சேமித்து, வேர்டை மூடிய பிறகு நகலைப் பென்டிரைவுக்கு அனுப்புங்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ வந்த கோப்பை அங்கிருந்தபடியே திறந்து திருத்துவதும் இதே வகை ஆபத்துதான்: திருத்தங்கள் எந்தத் தற்காலிக உறையிலோ போய் விழும், மறுநாள் தேடினால் கிடைக்காது. முதலில் உங்கள் உறையில் சேமித்துவிட்டுப் பிறகு திறங்கள்.

இதுவரை சொன்னது எல்லாம் சில்லறை. என் வேலை நூல் வடிவமைப்பு. அந்த இடத்திலிருந்து ஒன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். 640 பக்கத்தையும் 300 படத்தையும் ஒரே கோப்பில் வைத்து எழுதியதுதான் உங்கள் பிரச்சினையின் வேர். மின்சாரம் ஒரு சாக்கு. ஆழத்தில் விடும் வலையைத் துண்டு துண்டாகப் பின்னி, கடைசியில் கோத்து நீட்டுவார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு துண்டு பாறையில் சிக்கிக் கிழிந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். உங்கள் தொகுப்பையும் அப்படி வையுங்கள். மீன்கள் ஒரு கோப்பு, வலைகள் ஒன்று, படகின் உறுப்புகள் ஒன்று, காற்றும் கடல்நிலையும் ஒன்று. மீன் பகுதி பெரிதாக இருக்கும். அதை அகரவரிசைப்படி மேலும் பிரியுங்கள். ஒவ்வொரு கோப்பும் 30, 40 பக்கத்துக்குள் நின்றால் திறப்பது, தேடுவது, சேமிப்பது எல்லாம் நொடியில் முடியும். ஒன்று பழுதானால் போவது அன்றைய ஒரு கோப்பு.

பிறகு இவற்றை எப்படி ஒன்றாக்குவது என்று கேட்பீர்கள். நீங்கள் ஒன்றாக்க வேண்டாம். பக்க எண்ணும் பொருளடக்கமும் சொல்லடைவும் வடிவமைப்பவர் வேலை. ‘மாஸ்டர் டாக்குமென்ட்’ என்ற பெயரில் வேர்டிலேயே ஒரு வசதி இருக்கிறது, பல கோப்புகளை ஒரு தலைமைக் கோப்புக்குள் கட்டி வைக்கும். அந்தப் பக்கம் போகாதீர்கள். தலைமைக் கோப்பு சேதமானால் கூடவே கிளைக் கோப்புகளையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது அதன் பழைய கெட்ட பெயர். அதை நம்பும் வடிவமைப்பாளரை நான் சந்தித்ததில்லை.

படங்களைப் பொறுத்தவரை என் கட்சி இன்னும் கடுமையானது: எழுதும் கோப்பில் படமே வேண்டாம். இன்றைய கைப்பேசியில் 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000-க்கு 3000 புள்ளிகள், ஒவ்வொன்றும் சில எம்.பி. கனம். புத்தகத்தில் அது நான்கு அங்குல அகலத்தில்தான் வரப்போகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கில் 1200 புள்ளி போதும். வேர்டில் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினால் கண்ணுக்குத்தான் சிறிதாகிறது, கனமும் குறையும் என்று நம்ப முடியாது. ஓரத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி உள்ளேயே ஒளிந்துகொண்டிருக்கும். ஆகவே படங்களைத் தனி உறையில், மூல அளவு குறையாமல் வையுங்கள். ‘தொண்டி-012’, ‘பாம்பன்-047’ என்று பெயரிடுங்கள். எழுத்துக் கோப்பில் படம் வர வேண்டிய இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘படம்: தொண்டி-012, வத்தையின் முன்புறம்’ என்று ஒரு வரி போதும். வடிவமைப்பாளருக்கு இதைவிட வசதி வேறில்லை. படத்தைக் கோப்பில் ஒட்டிக் கொடுத்தால், அதை வெளியே எடுப்பதே எங்களுக்குத் தனி வேலை.

படம் நீங்கினால் உங்கள் 640 பக்கமும் சேர்ந்து சில எம்.பி.க்குள் அடங்கிவிடும். இதன் பலன் அடுத்த வேலையில் தெரியும்.

2011-இல் தொடங்கிய கோப்பு, எழுத்து மட்டும் மீண்டு வந்திருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், அது பழைய ‘டாக்’ வடிவத்திலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. 2007 வேர்டு முதல் வந்தது ‘டாக்எக்ஸ்’. அது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். எழுத்து ஓர் அறையில், படங்கள் இன்னோர் அறையில் என்று உள்ளே பிரிந்திருக்கும். ஓர் அறை கெட்டாலும் மற்றதை வெளியே எடுக்க வழியுண்டு. புதிய பகுதிக் கோப்புகளை டாக்எக்ஸ் ஆகவே தொடங்குங்கள்.

கூடவே பாமினிக்கும் விடை கொடுத்துவிடுங்கள், ஐயா. ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் ‘க’ என்பது எந்த எழுத்துரு போனாலும் ‘க’ தான். கோப்பு நொறுங்கி எழுத்து மட்டும் மிஞ்சினாலும் தமிழாகவே மிஞ்சும். உங்களுக்கு நேர்ந்த கூளம் யூனிகோடில் நேர்ந்திருக்காது. அகராதி செய்பவருக்கு இன்னொரு லாபமும் உண்டு. பாமினியில் அகரவரிசைப்படுத்தச் சொன்னால் கணினி ஆங்கில வரிசையில் கலைத்துப் போடும். யூனிகோடு என்றால் தமிழ் வரிசை கைக்கெட்டிய தூரத்தில் வந்துவிடும். விசைப்பலகைப் பழக்கம் கெட்டுவிடுமே என்று அஞ்ச வேண்டாம்: பாமினி விசை அமைப்பிலேயே தட்டி யூனிகோடாகப் பெறும் மென்பொருள்கள் இருக்கின்றன. பழைய பக்கங்களை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்றவை உண்டு. அறிவியல் பெயர்களை மட்டும் முன்கூட்டியே அடையாளமிட்டுக்கொள்ளுங்கள், மாற்றும்போது அவையும் தமிழாகிவிடாமல் இருக்க.

நகல் வைப்பதில் மூன்று இடம் என்பது என் கணக்கு. கணினியில் வேலை செய்யும் உறை ஒன்று. ஒவ்வொரு நாள் மாலையும் அந்த உறையை அப்படியே நகலெடுத்து, 2025-11-08 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயரிட்டுப் பென்டிரைவில் போடுவது இரண்டு. இப்படிப் பெயரிட்டால் தானாகவே கால வரிசையில் நிற்கும். ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘அச்சுக்கு இறுதி’ என்று வைத்தால் எது எதற்குப் பின் வந்தது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். மூன்றாவது, ஊரை விட்டு வெளியே. கோப்புகள் சிறிதாகிவிட்டதால் வாரம் ஒருமுறை உறையைச் சுருக்கி உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளலாம். ஜிமெயிலில் 25 எம்.பி. வரை இணைக்கலாம். படங்களை மதுரையிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வட்டில் கொடுத்து வையுங்கள்.

வெளியூர் நகல் நம் கரையில் ஆடம்பரம் ஆகாது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்து மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்ற நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் கணினியும் பென்டிரைவும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் ஒரே நகல்தான். உப்புக்காற்றில் பென்டிரைவின் உலோக முனை பூத்துப்போகும். மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள், மாதம் ஒருமுறையாவது திறந்து படிக்கிறதா என்று பாருங்கள்.

பேத்தி சொல்லும் கூகுள் டாக்ஸ் கெட்ட யோசனையில்லை. தட்டத் தட்ட அதுவே சேமிக்கும், பழைய படிகளுக்கும் திரும்பலாம். ஆனால் அங்கே பாமினி பிழைக்காது. ஓர் ஆவணத்தில் 10 லட்சத்து 20 ஆயிரம் குறிகளுக்கு மேல் ஏறாது. தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் தனிக்குறிகளாக எண்ணப்படுவதால் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பும். இணையம் விட்டு விட்டு வரும் ஊரில் பொறுமையும் வேண்டும். பகுதி பகுதியாகப் பிரித்து யூனிகோடுக்கு மாறிய பிறகு, ஒரு சிறிய பகுதியை அதில் எழுதிப் பாருங்கள். ஒன்டிரைவோ கூகுள் டிரைவோ, எதில் வைத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: கணினியில் அழித்தால் அங்கும் அழியும். அதனால் பென்டிரைவு நகலை நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது கையில் இருப்பதை வைத்துச் செய்ய வேண்டியது. மின்னஞ்சலில் போன பழைய படியை அச்சகத்திலிருந்தோ, உங்கள் ‘அனுப்பியவை’ பட்டியலிலிருந்தோ எடுங்கள். அதில் எழுத்துருவும் படங்களும் நலமாக இருக்கும். முதல் 580 பக்கத்துக்கு அதுவே அடிப்படை. கூளத்திலிருந்து கடைசி இரண்டு மாதப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும், 640 பக்கத்தையும் சீர்செய்ய வேண்டியதில்லை. பழைய பக்கங்களில் இடையிடையே செய்த திருத்தங்களைக் கண்டுபிடிக்க, இரண்டையும் யூனிகோடாக்கிய பின் வேர்டின் ‘ரிவியூ’ பகுதியில் இருக்கும் ‘கம்பேர்’ வசதியில் கொடுங்கள். எங்கெங்கு வேறுபாடு என்று நிறமிட்டுக் காட்டும். சிதைந்த அறிவியல் பெயர்களைத் திருத்தும் வேலையைப் பேத்தியிடம் விட்டுவிடலாம்: கூளத்தைப் பாமினியாக்காமல் ஒரு படி அப்படியே வைத்துக்கொண்டால், அதில் அந்தப் பெயர்கள் ஆங்கிலத்திலேயே சரியாகப் படிக்கக் கிடைக்கும்.